பயிற்சி மட்டும் போதுமா? அறிவுசார் குறைபாடுள்ளோருக்குத் துணை நிற்கும் ஊழியர்களைப் பற்றிய ஒரு பழைய விவாதம்

அறிவுசார் குறைபாடுள்ள ஒருவருக்கு அன்றாடம் துணை நிற்கும் ஊழியருக்கு என்ன கற்றுக்கொடுக்க வேண்டும்? குளிப்பாட்டவும் ஊட்டவும் தெரிந்தால் போதுமா? புதிய திறன்களைச் சொல்லித்தரத் தெரிய வேண்டுமா? அவருடைய விருப்பத்தை அறிந்து அதன்படி நடக்கத் தெரிய வேண்டுமா? இந்தக் கேள்விக்கு வயது இருநூறுக்கு மேல். பிரான்சின் அவெரோன் பகுதிக் காட்டிலிருந்து மீட்கப்பட்ட விக்டர் என்ற சிறுவனுக்கு 1801 முதல் பாரிசில் பாடம் நடத்திய மருத்துவர் இத்தார், சிறப்புக் கல்வியின் முன்னோடி என்று இன்றும் பாடநூல்களில் இருக்கிறார். அவர் ஐந்தாறு ஆண்டுகளில் முயற்சியைக் கைவிட்டார். விக்டருக்குச் சோறு போட்டு, உடுத்திவிட்டு, 1828இல் அவன் இறக்கும்வரை உடனிருந்தவர் கெராங் என்ற பெண்மணி. அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்ததாகத் தெரியவில்லை. அவர் செய்ததை ஒரு முறையாக எழுதிவைத்தவர்களும் இல்லை. இத்துறையில் கோட்பாடு ஒருவரிடமும் வேலை இன்னொருவரிடமும் இருப்பது அன்றே தொடங்கிவிட்டது.

வேப்பம்பட்டிலிருந்து பார்த்தால்

சென்னை–அரக்கோணம் புறநகர் ரயில் பாதையில் திருநின்றவூருக்கும் செவ்வாப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது வேப்பம்பட்டு. மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறைந்த ஊர். காக்களூர், அம்பத்தூர், திருமழிசை, திருப்பெரும்புதூர் தொழிற்பேட்டைகளுக்கு இங்கிருந்து ரயிலிலும் கம்பெனி பஸ்ஸிலும் ஆட்கள் போகிறார்கள். அதே மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் வேறொரு ரயில் பாதையில் இருக்கிறது. ரயிலில் போவதானால் சென்னை வரை வந்துதான் பாதை மாற வேண்டும்.

இத்தகைய ஊரில் அறிவுசார் குறைபாடுள்ள மகனோ மகளோ இருக்கும் குடும்பத்தின் நிலையை ஊகிப்பது கடினமில்லை. சொந்த கிராமத்தில் இருந்திருந்தால் பெரியம்மாவோ அத்தையோ அரை நாள் பார்த்துக்கொள்வார்கள். இங்கே உறவுகள் தூரத்தில். தந்தைக்கு ஷிப்டு வேலை. மொத்தப் பொறுப்பும் தாயின் மேல் விழுகிறது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும்வரை வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர் வருவார், பகல்நேர மையம் இருக்கும். அதற்குப் பிறகு ஒன்று வீடு, இல்லையென்றால் தொண்டு நிறுவனம் நடத்தும் இல்லம். பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 2005 முதல் இயங்குகிறது. வேப்பம்பட்டிலிருந்து ஒருவர் அங்கே போய்வர ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும். ஆகவே இங்கே கேள்வி சற்றே மாறுகிறது: பயிற்சி எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும் என்பதோடு, அதை யார் எங்கே பெறுவார், பெற்றபின் எத்தனை காலம் அந்த வேலையில் இருப்பார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

தொண்டு மனம் போதும் என்ற நிலை

மிகப் பழைய விடை இது: அன்பும் பொறுமையும் உள்ளவருக்குத் தனியாகப் பயிற்சி எதற்கு? கிறித்தவ மடங்களும் காந்தியத் தொண்டர்களும் தாய்மார் சங்கங்களும் வெவ்வேறு காரணங்களால் இதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவின் சேவைச் சங்கம் 1953இல் தொடங்கிய பாலவிகார் போன்ற முன்னோடி அமைப்புகள் இந்த மனத்திலிருந்தே பிறந்தன. அது இல்லாதிருந்தால் தமிழ்நாட்டில் இத்துறை இன்னும் பல பத்தாண்டுகள் தாமதித்திருக்கும்.

இந்த நிலையின் மிகக் கூர்மையான வடிவம் ழான் வானியே 1964இல் பிரான்சில் தொடங்கிய லார்ஷ். குறைபாடுள்ளவரும் இல்லாதவரும் ஒரே வீட்டில் நண்பர்களாக வாழ்வது அதன் அடிப்படை. இந்தியாவில் அது ஆஷா நிகேதன் என்ற பெயரில் 1970இல் பெங்களூரில் வேர் விட்டு, பின்னர் சென்னைக்கும் வந்தது. ஊழியர் என்ற சொல்லையே தவிர்க்க விரும்பிய இயக்கம் அது. வானியே பெண்கள் பலரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று லார்ஷ் அமைப்பே 2020இல் தன் விசாரணை முடிவை வெளியிட்டது. பாதிக்கப்பட்ட பெண்கள் அங்கே பராமரிக்கப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் ஒருவருடைய நற்பெயரை நம்பிக் கண்காணிப்பைத் தளர்த்தும் எந்த இல்லத்துக்கும் இது எச்சரிக்கை.

இந்தியாவிலிருந்து இன்னொரு சான்று. 1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் இருந்த அரசு இல்லத்தைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்கள் பலருக்குப் புனே சாசூன் மருத்துவமனையில் கருப்பை அகற்றும் அறுவை நடந்தது. சொல்லப்பட்ட முதன்மைக் காரணம், மாதவிடாய்க் காலத்தில் அவர்களால் தங்களைச் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை, ஊழியர்களால் சமாளிக்க முடியவில்லை என்பது. பெண்கள் அமைப்புகளின் கடும் எதிர்ப்புக்குப் பிறகே அது நிறுத்தப்பட்டது. துணி மாற்றவும், நாள்காட்டியில் குறிக்கவும், உபயோகித்ததை அப்புறப்படுத்தவும் படிப்படியாகச் சொல்லிக்கொடுக்கும் முறைகள் அப்போதே நடைமுறையில் இருந்தவை. கற்றுக்கொள்ளும் திறன் மிகக் குறைந்தவருக்கு ஊழியர் செய்துவிடலாம். ஓர் ஊழியருக்குச் சில வாரங்களில் கற்றுத்தரக்கூடிய வேலைக்கு மாற்றாக ஓர் உறுப்பையே வெட்டி எடுத்தார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தோடு எடுத்தார்கள் என்று சொல்லவும் வேண்டியதில்லை. நல்லெண்ணமே வழிதெரியாமல் அங்கே போய் நின்றது. தொண்டு மனம் போதும் என்ற வாதம் மீளமுடியாமல் தோற்ற இடம் ஷிரூர் என்றே தோன்றுகிறது.

திறன் பட்டியல்களின் காலம்

இரண்டாவது விடை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. ஒருவருக்கு என்ன தெரியும், அடுத்து எதைச் சொல்லித்தரலாம் என்று வேலைகளைச் சிறு படிகளாகப் பிரித்துப் பட்டியலிடுவது. தமிழ்நாட்டுக்கு இதில் பெருமைப்பட்டுக்கொள்ளும் உரிமை உண்டு. ஜெயச்சந்திரனும் விமலாவும் சென்னையில் உருவாக்கி, விஜய் ஹியூமன் சர்வீசஸ் வெளியிட்ட ‘மெட்ராஸ் டெவலப்மெண்டல் புரோகிராமிங் சிஸ்டம்’ பதினெட்டுத் துறைகளில் 360 திறன்களைக் கொண்டது. நாடெங்கும் சிறப்பாசிரியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். 1984இல் செகந்திராபாத்தில் தொடங்கிய, அறிவுசார் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனமும் பின்னர் இதே போக்கில் தன் அளவைகளை வெளியிட்டது. தியாகராய நகரின் மதுரம் நாராயணன் மையம் 1989 முதல் கைக்குழந்தைகளுக்கான ‘உபநயன்’ பயிற்சியைத் தாயை உடன் வைத்துக்கொண்டே நடத்திவருகிறது.

இந்த மரபின் வலிமை தெளிவு. நேற்று பட்டனைத் தொட்டான், இன்று பாதி நுழைத்தான் என்று எழுதிவைக்க முடியும். குறையும் அங்கேயே இருக்கிறது. பட்டியல்கள் பெரும்பாலும் குழந்தையை, அதிலும் பள்ளிக் குழந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாற்பது வயது ஆணுக்கு மூன்று வயதுக் குழந்தைக்குரிய படியில் ‘இலக்கு’ குறிக்கும்போது ஊழியர் அவரையும் குழந்தையாகவே நடத்தப் பழகுகிறார். இன்னொன்று, பட்டியலை நிரப்பக் கற்றவர் சிறப்பாசிரியர். மாலை நான்கு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விடுவார். அதற்குப் பிறகான பதினாறு மணி நேரம் ஆயாவிடம் இருக்கிறது. ஆயாவுக்குப் பட்டியலைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

மருத்துவ அறிவும் இப்படித்தான் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அறிவுசார் குறைபாடுள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் திணிக்காமலிருப்பது, கையில் சாவி கொடுத்து நேரத்தை வீணாக்காமலிருப்பது, ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108ஐ அழைப்பது ஆகியவற்றை ஒரு மாலையில் கற்றுத்தரலாம். இதைவிடக் கடினமானது வேறொன்று. பேச்சு வராத ஒருவர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டால் ‘அவன் அப்படித்தான்’ என்று சொல்லி விட்டுவிடாமல், பல்வலியா, மலச்சிக்கலா, காதில் சீழா என்று பார்க்கும் பழக்கம். டவுன் நோய்க்குறி உள்ளவர்கள் இப்போது நெடுநாள் வாழ்கிறார்கள். அவர்களுக்கு மறதிநோய் மற்றவர்களைவிட முன்கூட்டியே வருகிறது. குழந்தைப் பட்டியலை மட்டும் கற்ற ஊழியருக்கு இந்த மாற்றம் கண்ணில் படாது.

உரிமை என்ற திருப்பம்

1959இல் டென்மார்க் தன் சட்டத்தில், குறைபாடுள்ளவரின் வாழ்க்கை மற்றவர் வாழ்க்கைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்க முடியுமோ அவ்வளவு இருக்க வேண்டும் என்ற கருத்துக்கு இடமளித்தது. சுவீடனின் பெங்க்ட் நீர்யே 1969இல் அதைக் கோட்பாடாக விரித்தார். வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர் 1972இல் வட அமெரிக்காவுக்கு ஏற்ப எழுதினார். வார நாள் வேறு, ஞாயிறு வேறு என்று இருக்க வேண்டும். தன் சட்டையைத் தானே தேர்ந்தெடுக்க வேண்டும். பெரியவர் பெரியவராக நடத்தப்பட வேண்டும். 2006இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை இதை உரிமை மொழியில் எழுதியது. இந்தியா 2007இல் ஏற்புறுதி அளித்தது. அதன் தொடர்ச்சிதான் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம்.

இந்தியாவில் இந்தத் திருப்பத்தின் பொருளை உச்சநீதிமன்றம் 2009இல் சுசிதா ஸ்ரீவஸ்தவா வழக்கில் காட்டியது. சண்டிகரில் அரசு இல்லமொன்றில் இருந்த, இலேசான அறிவுசார் குறைபாடுள்ள பெண் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாகிக் கருவுற்றார். அவருடைய சம்மதமின்றிக் கருவைக் கலைக்க முடியாது என்றது நீதிமன்றம். ஷிரூருக்கும் இதற்கும் இடையில் பதினைந்து ஆண்டுகள். ஆனால் தீர்ப்பு வேறொன்றையும் நினைவூட்டுகிறது: பாதுகாக்க வேண்டிய இல்லத்துக்குள்ளேயே அந்தக் கொடுமை நடந்தது.

உரிமை வழி விடைக்கும் பலவீனங்கள் உண்டு. உரிமைப் பயிற்சிகள் பெரும்பாலும் உரைகளாகவே நடக்கின்றன. ‘அவருடைய விருப்பத்தை மதியுங்கள்’ என்று கேட்டுவிட்டுப் போகும் ஊழியர், இருபது பேரை எட்டு மணிக்குள் குளிப்பாட்டிச் சாப்பிட வைக்க வேண்டியவர். வாரவிடுப்போ எழுத்துமூலமான பணி ஆணையோ இல்லாதவரிடம் இன்னொருவரின் உரிமையைப் பற்றிப் பேசுவதில் ஒரு முரண் இருக்கிறது. அதைப் பயிற்சியாளர்கள் அதிகம் பேசுவதில்லை. சர்க்கரை நோய் உள்ளவர் மூன்றாவது லட்டு கேட்டால் என்ன செய்வது என்பது போன்ற கேள்விகளுக்கு உடன்படிக்கையின் வாசகத்தில் நேரான விடை கிடையாது. உடனிருந்து அன்றன்று யோசிக்க வேண்டியவை அவை.

வகுப்பில் கற்றது வீட்டுக்குள் வருகிறதா?

இத்துறையில் சான்றுகள் ஓரளவு திரண்டிருப்பது இங்கேதான். அவை சொல்வது பயிற்சி நிறுவனங்களுக்கு உவப்பான செய்தியல்ல.

பிரிட்டனில் 2018இல் வெளியான ஓர் ஆய்வை எடுத்துக்கொள்ளலாம். சிக்கலான நடத்தையை நேர்மறையாகக் கையாளும் முறையில் ஊழியர்களுக்குப் பயிற்சி அளித்து, குலுக்கல் முறையில் பிரித்த 23 குழுக்களில், ஏறத்தாழ 250 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தார்கள். வழக்கமான கவனிப்போடு ஒப்பிடும்போது நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முறையே தவறு என்று இதற்குப் பொருளில்லை. பயிற்சிக்குப் போனவர்கள் பணியிடத்துக்குத் திரும்பியபின் அந்த முறை முழுதாக நடைமுறைக்கு வந்ததா என்பது வேறு கேள்வி. ஆனால் பயிற்சி கொடுத்தால் மாற்றம் தானே வரும் என்ற நம்பிக்கைக்கு இது பலமான அடி.

அமெரிக்காவில் டென்னிஸ் ரீடும் மார்ஷா பார்சன்ஸும் பல ஆண்டுகள் வலியுறுத்தியது எளிய ஒரு வரிசை: சொல்லு, செய்துகாட்டு, செய்யச் சொல், பார்த்துத் திருத்து. முதல் படியிலேயே பெரும்பாலான பயிற்சிகள் நின்றுவிடுகின்றன. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2009இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், வகுப்போடு பணியிடத்தில் உடனிருந்து வழிகாட்டலும் சேரும்போதுதான் பலன் கூடுவதாகக் கண்டார்கள்.

கென்ட் பல்கலைக்கழகத்தில் ஜிம் மான்செல் குழுவினர் முன்னெடுத்த ‘செயலூக்கத் துணை’ முறை இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. அதில் ஊழியர் ‘செய்துகொடுப்பவர்’ அல்லர், ‘சேர்ந்து செய்பவர்’. வெங்காயம் உரிக்கும்போது ஒருவர் தோலை மட்டும் எடுத்துப் போட்டாலும் அது அவர் பங்கு. துணி மடிக்கும்போது ஒரு முனையைப் பிடித்தாலும் அப்படியே. உதவியின் அளவு ஆளுக்கும் நாளுக்கும் தக மாறும். இந்த முறை எங்கே நிலைத்தது, எங்கே சில மாதங்களில் உதிர்ந்தது என்று தேடியபோது மான்செலும் ஜூலி பீடில்-பிரவுனும் பிறரும் கண்ட முக்கியமான காரணி, அந்த வீட்டின் மேற்பார்வையாளர். அவர் அலுவலக அறையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தால் பயிற்சி கரைந்துபோகிறது. சமையலறையில் நின்று, ஊழியர் செய்வதைப் பார்த்து, அங்கேயே பேசித் திருத்தினால் நிலைக்கிறது.

எதிர்மறைச் சான்றும் உண்டு. பிரிஸ்டல் அருகே வின்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் நோயாளிகள் அடித்துத் துன்புறுத்தப்பட்டதை 2011இல் பிபிசி மறைகாமிராவில் பதிவு செய்தது. அங்கே பயிற்சி அறவே இல்லாமலில்லை. நடந்த பயிற்சியில் ஆட்களை அடக்கிப் பிடிக்கும் முறைகளே மேலோங்கியிருந்தன என்பது பின்னர் நடந்த மறுஆய்வின் விமர்சனங்களில் ஒன்று. தவறான பயிற்சி, பயிற்சியின்மையைவிடத் தீங்கானதாகவும் இருக்கக்கூடும்.

இந்தியாவின் சான்றிதழ்கள்

1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் கழகம் சிறப்பாசிரியர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர் போன்றோரைப் பதிவு செய்கிறது. 1999ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் பராமரிப்பாளர்களை உருவாக்கவென்றே ‘சஹயோகி’ என்ற திட்டம் வந்தது. மறுவாழ்வுக் கழகமும் மெல்போர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வடிவமைத்த ஆறு மாதப் படிப்பு 2021 மே மாதம் தொடங்கப்பட்டது. அதை முடிப்பவர்கள் ஊருக்குள் மாற்றுத்திறனாளிகளுக்கு முதல் தொடர்பாக இருக்க வேண்டும் என்பது நோக்கம். ஆய்க்குடியில் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் உள்ளூர்ப் பெண்களைச் சமூக மறுவாழ்வுப் பணியாளர்களாக்கி, கைபேசிச் செயலி வழியே நிபுணரின் கண்காணிப்போடு வீடு வீடாக அனுப்புகிறது. பயிற்சியோடு உடனிருந்து வழிகாட்டலும் வேண்டும் என்று மேற்கில் கண்ட உண்மைக்கு மிக அருகில் வரும் தமிழ்நாட்டு முயற்சி இதுவே எனலாம். ஆனால் அதன் கவனம் சிறு குழந்தைகள் மீது. உலக வங்கிக் கடனோடு நடக்கும் தமிழ்நாடு அரசின் ‘உரிமைகள்’ திட்டமும் களப்பணியாளர்களை நம்பியே நிற்கிறது.

மனநோய்த் துறையிலிருந்தும் கற்றுக்கொள்ளலாம். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் இறந்தபின் மனநலக் காப்பகங்கள் மீது அரசின் பார்வை விழுந்தது. சென்னையின் பான்யன் அமைப்பு 2015 முதல் நடத்தும் ‘ஹோம் அகெய்ன்’ வீடுகளில், பட்டம் பெறாத உள்ளூர்ப் பெண்களே தனி உதவியாளர்கள். இரண்டு துறைகளையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறையிலிருந்து அறிவுசார் குறைபாட்டை வெளிப்படையாக விலக்குகிறது. அதனால் அறிவுசார் குறைபாடுள்ளோர் இல்லங்களுக்குப் பதிவு 2016ஆம் ஆண்டுச் சட்டப்படிதான். இல்லத்தைப் பதிவு செய்வதுபோல அங்கே இரவில் படுத்துறங்கும் ஊழியரைப் பதிவு செய்யும் ஏற்பாடு இல்லை. ஜெர்மனியில் இதே வேலைக்குப் பொதுவாக மூன்றாண்டுப் படிப்பு. டென்மார்க்கில் மூன்றரை ஆண்டுப் பட்டம். நம் நிலையில் அதை அப்படியே கேட்பது நடக்காத காரியம். ஆறு மாதத்துக்கும் மூன்றாண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதாவது விவாதிக்கப்பட வேண்டும்.

சம்பளமும் ஷிப்டும்

பயிற்சி பற்றிய பாடத்திட்டங்கள் பேசாத விஷயம் இது. வேப்பம்பட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த ஓர் இளம்பெண்ணுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று தொழிற்சாலை: வாசலுக்கு வரும் பஸ், கேன்டீன், பி.எஃப்., இ.எஸ்.ஐ. இன்னொன்று நன்கொடையையும் மானியத்தையும் நம்பியிருக்கும் இல்லம்: இரவுப் பணி, குறைந்த சம்பளம், மலஜலம் சுத்தம் செய்யும் வேலை என்று சொந்தக்காரர்களின் முகச்சுளிப்பு. அவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. சாதியும் பாலினமும் இந்த வேலையின் மதிப்பைக் காலங்காலமாகக் கீழே வைத்திருப்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பயிற்சி பெற்றவர் ஆறு மாதத்தில் போய்விட்டால், பயிற்சிக்குச் செலவிட்டது ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் ‘பராமரிப்பாளர்’ என்பதில் கூலி பெறுபவரையும் பெறாதவரையும், பெற்றோரையும் சேர்த்தே வரையறுக்கிறது. நல்ல நோக்கம். நடைமுறையில் அதன் விளைவு, கூலி பெறாத தாயே முதன்மை ஊழியராக நிற்பது. அறிவுசார் குறைபாடுள்ளவருக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாய். அது அந்தத் தாயின் கைச்செலவுக்கு உதவும். அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுக்கக்கூடிய பயிற்சி பெற்ற ஆளை அமர்த்தப் போதாது. 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 15 லட்சம் பேரும் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் அளவிலும் அறிவுசார் குறைபாட்டுப் பிரிவில் பதிவானார்கள். குறைத்துப் பதிவான எண்ணிக்கை என்றே பலரும் கருதுகிறார்கள்.

தீராதவை

சில கேள்விகள் திறந்தே இருக்கின்றன. செயலூக்கத் துணையின் சான்றுகள் ஐந்தாறு பேர் வாழும் சிறு வீடுகளிலிருந்து வந்தவை. நாற்பது பேர் இருக்கும் தமிழ்நாட்டு இல்லத்தில் அவை எந்த அளவு பொருந்தும் என்பதைச் செய்துபார்த்துத்தான் அறிய முடியும். இங்கிலாந்தில் 2022 முதல் மருத்துவ, சமூகநல ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட பயிற்சியைப் பொறுத்தவரை, குறைபாடுள்ளவர்களே அதை உடனிருந்து நடத்த வேண்டும் என்ற கருத்து வலுத்திருக்கிறது. இந்தியாவில் தமக்காகத் தாமே பேசும் குழுக்கள் பெற்றோர் கூட்டமைப்பான பரிவாரின் துணையோடு வளர்ந்துவருகின்றன. அவர்களைப் பயிற்சியாளர்களாகத் தமிழ்நாட்டு இல்லங்கள் ஏற்குமா? தாயும் ஊழியரும் ஒரே பயிற்சிக்கு வர வேண்டுமா, தனித்தனியாகவா? தாய் முதுமையடைந்தபின் யார் என்ற கேள்விக்குப் பயிற்சியே விடையாகுமா?

இவை தீரும்வரை காத்திருக்க வேண்டாத ஒன்று உண்டு. பயிற்சி தன்னளவில் சிறிதே மாற்றும். பயிற்சிக்குப் பின் அருகில் நின்று வழிநடத்தும் ஆள் இருந்தால் அது நிலைக்கும் என்ற முடிவுக்கு, மேலே கண்ட நிலைகளில் எதைச் சார்ந்தவரும் பெரிய மறுப்புச் சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கான இல்லங்களுக்கு அரசு மானியம் தருகிறது. அந்த மானிய விதிகளுக்குள், கணக்கெழுதும் கடமை இல்லாத, ஊழியரோடு சமையலறையிலும் குளியலறையிலும் நிற்க வேண்டிய ஒரு நடைமுறை வழிகாட்டியின் பதவியை, தொழிற்சாலைச் சம்பளத்துக்கு ஈடான ஊதியத்தோடு சேர்க்கலாம். சிறிய இல்லங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். பராமரிப்பு, துணைநிற்றல் ஆகியவற்றில் குடும்பங்களுக்கும் பணியாளர்களுக்கும் திறன் வளர்க்கும் கடமையை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47ஆவது பிரிவு ஏற்கெனவே அரசின் மேல் வைத்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் இதைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. ஓர் அரசாணை போதும்.